டிவி லைசென்ஸ்: பிரிட்டனில் சேர்ந்து தங்கும் மாணவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது வாடகை ஒப்பந்தத்தை

பிரிட்டனுக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதில் பார்ட் டைம் வேலைக்கு அடுத்த இடம் டிவி லைசென்ஸுக்குத்தான். "அண்ணா, வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. விசாரணை ஆரம்பிச்சிட்டோம்னு போட்டிருக்கு. விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று ராத்திரி நேரத்தில் போட்டோவோடு மெசேஜ் வரும். கடிதத்தில் யார் பெயரும் இருக்காது. இந்த முகவரியில் சட்டப்படி குடியிருப்பவருக்கு என்று மட்டும் இருக்கும். நான் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்பேன்: வாடகை ஒப்பந்தம் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றா, ஆளுக்கு ஒன்றா? கேட்டவர் குழம்பிப் போவார். டிவிக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்பார். மாணவர்கள் விஷயத்தில் பாதிக் கணக்கு அங்கேதான் முடிவாகிறது.

நான் 2024 செப்டம்பரில் முதுகலை படிக்க கவென்ட்ரிக்கு வந்தேன். கிறிஸ்துமஸ் வரை ஹால்ஸ் என்னும் மாணவர் விடுதியில் ஒரு அறை. அப்புறம் அதே ஊரில் ஸ்டோக் பக்கம் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு. இரண்டு இடத்திலும் விதி வேறு வேறு விதமாகப் பொருந்தியது. அதனால்தான் இதை விவரமாக எழுத முடிகிறது.

முதலில் இந்த லைசென்ஸ் என்னவென்று பார்த்துவிடலாம். நம் தாத்தா காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் தபால் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வருவார்கள். இங்கே அந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1922-ல் வானொலிக்குப் பத்து ஷில்லிங் என்று தொடங்கியது. 1946-ல் வானொலியோடு டிவியையும் சேர்த்து இரண்டு பவுண்ட் லைசென்ஸ் வந்தது. வானொலி லைசென்ஸை 1971-ல் எடுத்துவிட்டார்கள். டிவி லைசென்ஸ் மட்டும் தொடர்ந்தது. இப்போது 2003-ம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது குற்றம், அபராதம் 1,000 பவுண்ட் வரை, கோர்ட் செலவு தனி. பணத்தில் பெரும்பகுதி பிபிசிக்குப் போகிறது. ஈழத்துக் குடும்பங்களில் பெரியவர்கள் நாள் தவறாமல் கேட்ட தமிழோசை ஒலிபரப்பும் பிபிசியின் உலக சேவையிலிருந்து வந்ததுதான். 1941-ல் தொடங்கி 2017 வரை அது வானொலியில் ஒலித்தது. 2014-லிருந்து உலக சேவைக்கும் பெரும்பாலும் இந்த லைசென்ஸ் பணம்தான் போகிறது. இது தெரிந்த பிறகு "வெட்டித் தண்டம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேவைப்படும்போது மனம் ஒப்பித்தான் கட்டினேன். தேவை இல்லாதபோது ஒரு மாணவர் அதைக் கட்டக் கூடாது என்பதிலும் அதே அளவு உறுதியாக இருக்கிறேன். ஏனென்றால் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவையே அது விழுங்கிவிடும்.

கட்டணம் நான் வந்தபோது 169.50 பவுண்ட். 2025 ஏப்ரல் 1 முதல் 174.50 ஆனது. 2027 கடைசி வரை விலைவாசியோடு சேர்ந்து வருடா வருடம் ஏறும் என்பதுதான் ஏற்பாடு. ஆகவே நீங்கள் வரும் ஆண்டில் என்ன தொகை என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் என்னும் உள்ளாட்சி வரி கிடையாது, அது உண்மை. அதைக் கேள்விப்பட்டுவிட்டு டிவி லைசென்ஸும் நமக்குக் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. கவுன்சில் டாக்ஸ் விலக்குக் கடிதத்தைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது.

எதற்கு லைசென்ஸ் வேண்டும்? வீட்டில் டிவி பெட்டி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பெட்டியை வைத்துக்கொண்டு நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்கலாம், பிளேஸ்டேஷன் ஆடலாம், லைசென்ஸ் தேவையில்லை. பெட்டியே இல்லாமல் போனில் ஒரு சேனலை நேரலையாகப் பார்த்தால் வேண்டும். இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்தால் போதும். எந்தச் சேனலாக இருந்தாலும், எந்த ஆப் வழியாக இருந்தாலும், எந்தக் கருவியில் இருந்தாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். அடுத்தது பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் ஐபிளேயர். அதில் நேரலை மட்டுமில்லை, போன வாரத்து நிகழ்ச்சியைப் பார்த்தாலும் டவுன்லோடு செய்தாலும் வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து இப்படி. ஐடிவி, சேனல் 4 போன்றவற்றின் ஆப்களில் முடிந்துபோன நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிபிசி பார்ப்பதே இல்லை, அதனால் நமக்கு வேண்டாம் என்று நினைப்பார்கள். ஆனால் சன் டிவியை நேரலையாக ஆப்பில் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். வெளிநாட்டுச் சேனல் என்ற விலக்கு எதுவும் இல்லை. நம் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் 24 மணி நேரமும் நேரலையாக ஓடுகின்றன. சமையல் செய்யும்போது அதைப் போட்டுவிட்டு அடுப்பு வேலை பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். டிவியில் போய்க்கொண்டிருக்கும் ஒளிபரப்பையே யூடியூபில் அதே நேரத்தில் பார்க்கிறோம் என்பதால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதே சேனல் பிறகு வெட்டிப் போடும் பத்து நிமிட வீடியோவுக்கு வேண்டாம். சீரியலை மறுநாள் ஆப்பில் பார்த்தால் வேண்டாம். ஐபிஎல் நேரலை என்றால் கட்டாயம் வேண்டும், அதற்கு மாதச் சந்தா தனியாகக் கட்டினாலும் சரி. சந்தா அந்த நிறுவனத்துக்கு. லைசென்ஸ் சட்டத்துக்கு. நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் இரண்டிலும்கூட இப்போது நேரலைப் போட்டிகள் வருகின்றன. படம் பார்ப்பதற்கு வேண்டாம், அந்த நேரலைக்கு வேண்டும்.

இனி ஹால்ஸ். எங்கள் தளத்தில் ஐந்தாறு அறைகளுக்கு ஒரே சமையலறை. பார்த்தால் ஒரே வீடு மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் தன் அறைக்குத் தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தோம். அப்படியானால் ஒவ்வொரு அறையும் தனித்தனி இடம். பக்கத்து அறைக்காரர் லைசென்ஸ் வாங்கியிருந்தால் அது அவர் அறைக்கு மட்டும். கீழே பொது ஹாலில் பெரிய டிவி ஒன்று உண்டு. அதற்கு ஹால்ஸ் நிர்வாகம் லைசென்ஸ் வைத்திருந்தது. அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். அறைக்குள் போய் லேப்டாப்பில் நேரலை போட்டால் அந்த லைசென்ஸ் துணைக்கு வராது.

எனக்கு எதிர் அறையில் ஹாரோவிலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான். அப்பா அம்மா யாழ்ப்பாணம், அவன் பிறந்தது லண்டன். அவன் லேப்டாப்பில் கால்பந்து பார்க்க உட்காரும்போதெல்லாம் சார்ஜரைக் கழற்றிவிடுவான். ஏன் என்று கேட்டேன். "அண்ணா, அம்மாக்கள் வீட்ட லைசென்ஸ் இருக்கு. அது எனக்கும் காணும். ஆனா பிளக்கில குத்தினா காணாது" என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். விதியைப் படித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. விடுமுறையில் போய்த் தங்கும் பெற்றோர் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால், கருவி அதன் சொந்த பேட்டரியில் மட்டும் ஓடினால், மின் இணைப்பிலோ ஆன்டெனாவிலோ சொருகாமல் இருந்தால், கல்லூரி அறையில் பார்ப்பதை அந்த வீட்டு லைசென்ஸே காத்துக்கொள்ளும். சார்ஜரைச் சொருகிய நிமிஷம் அந்தக் காப்பு போய்விடும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பயன்படும், பெற்றோர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மதுரையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர்களுக்கு இது உதவாது, நம் வீட்டில் இந்த லைசென்ஸ் இல்லையே. சனி ஞாயிறு போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் சித்தப்பா வீட்டு லைசென்ஸை நம் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

ஹால்ஸில் இருந்த அந்தக் காலத்தில் நான் நேரலை எதுவும் பார்க்கவில்லை. லைசென்ஸ் தேவையில்லை என்று, லைசென்ஸ் பணத்தை வசூலிக்கும் டிவி லைசென்சிங்கின் இணையதளத்தில் அறிவித்துவிட்டேன். பெயர், மின்னஞ்சல், முகவரி கொடுத்தால் போதும், சில நிமிட வேலை. முகவரியில் அறை எண்ணைச் சேர்ப்பதுதான் முக்கியம். கட்டடத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் உங்கள் அறை பட்டியலில் பதியாமலே இருக்கும். இந்த அறிவிப்பு நிரந்தரமும் இல்லை. கொஞ்ச காலம் கழித்து மறுபடி கேட்பார்கள். வீடு மாறினால் புது முகவரிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டும்.

வீடு தேட ஆரம்பித்தபோதுதான் ஒப்பந்தத்தின் அருமை தெரிந்தது. நாங்கள் நான்கு பேர். மதுரைக்காரர் ஒருவர், திருச்சித் தம்பி ஒருவன், நைஜீரியாவிலிருந்து வந்த நண்பர், நான். நைஜீரிய நண்பருக்கு ஆர்சனல் ஆட்டம் என்றால் உயிர். அதைப் பார்க்க முடியாத வீடு அவருக்கு வீடே இல்லை. மதுரைக்காரருக்கு ஐபிஎல். திருச்சித் தம்பிக்கு எதுவும் வேண்டாம், அவனுக்கு யூடியூபில் பழைய பாட்டு இருந்தால் போதும்.

முதலில் பார்த்த வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம். ஹாலில் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தது. ஏஜென்ட், "எல்லா பில்லும் வாடகையிலேயே அடக்கம்" என்றார். டிவி மாட்டியிருக்கிறது, பில்லும் அடக்கம் என்றால் லைசென்ஸும் அதில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். மதுரைக்காரர் வங்கியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், வாய்வார்த்தையை நம்ப மாட்டார். அடக்கம் என்று சொன்னவற்றின் பட்டியலை எழுத்தில் கேட்டார். கேஸ், கரன்ட், தண்ணீர், இன்டர்நெட், இவ்வளவுதான் வந்தது. டிவி லைசென்ஸ் குடியிருப்பவர் பொறுப்பு என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வீட்டில் குடியேறி நான்கு பேரும் அவரவர் அறையில் நேரலை பார்ப்பதானால் நான்கு லைசென்ஸ், மொத்தம் 678 பவுண்ட். ஹால் டிவியில் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஹாலுக்கு ஒரு லைசென்ஸ் வேண்டும். அதை யார் பெயரில் வாங்குவது, அறைக்குள் போனில் பார்ப்பதை எப்படித் தடுப்பது என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

பிறகு கிடைத்த வீட்டில் நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். இதை ஜாயின்ட் டெனன்சி என்பார்கள். இப்படி இருந்தால் வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். ஹால், நான்கு அறைகள், அவரவர் போன், லேப்டாப் எல்லாம் அதில் வந்துவிடும். சொருகியிருந்தாலும் பரவாயில்லை. வீட்டின் ஒரு பகுதி தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குளியலறை என்று தனி வீடாகவே பிரிந்திருந்தால் மட்டும் அந்தப் பகுதிக்கு வேறு லைசென்ஸ் வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். லைசென்ஸ் பணம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் ஜாயின்ட் டெனன்சிக்குப் போகாதீர்கள். அதில் வாடகை முழுவதற்கும் எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. ஒருவர் பாதியில் ஊருக்குக் கிளம்பிவிட்டால் அவர் பங்கையும் ஹவுஸ் ஓனர் மற்றவர்களிடம் கேட்கலாம். ஒரு மாதப் பங்கு வாடகையே லைசென்ஸ் பணத்தைப் போலப் பல மடங்கு வரும். நன்றாகத் தெரிந்தவர்கள், ஒரே படிப்பு, ஒரே நேரத்தில் முடிப்பவர்கள் என்றால் சரி. விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்த முன்பின் தெரியாதவர்கள் என்றால் அறைக்கு அறை தனி ஒப்பந்தம்தான் பாதுகாப்பு. அதற்காகக் கூடுதலாக ஒரு லைசென்ஸ் வாங்க நேர்ந்தாலும் வாங்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் முதல் வாரமே சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினோம். யார் என்ன பார்க்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொன்னோம். இது சாதாரணப் பேச்சு மாதிரி தெரியும், ஆனால் இதைப் பேசாத வீட்டில்தான் பிறகு மனஸ்தாபம் வருகிறது. ஒரே ஒப்பந்தம் உள்ள வீட்டில் ஒருவர் "எங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று இணையத்தில் அறிவித்தால் அது வீடு முழுவதற்கும் சொன்ன சொல். மாடி அறையில் இன்னொருவர் ஆட்டத்தை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். மற்றவர்களைக் கேட்காமல் யாரும் அறிவிக்கக் கூடாது.

பேசி முடித்ததில் மூன்று பேருக்கு நேரலை வேண்டும், திருச்சித் தம்பிக்கு வேண்டாம் என்று ஆனது. அவனிடம் பங்கு கேட்பது நியாயமில்லை என்று மூன்று பேரும் ஆளுக்கு 56.50 போட்டோம். மார்ச்சில் ஐபிஎல் தொடங்கியது. ஊரில் ராத்திரி ஏழரைக்கு நடக்கும் ஆட்டம் இங்கே கோடை நேரத்தில் மதியம் மூன்று மணிக்கு வரும், கிளாஸ் இல்லாத நாளில் எல்லாரும் ஹாலில் கூடிவிடுவோம். தம்பியும் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் அவனாகவே நான்கில் ஒரு பங்கை எங்களுக்கு அனுப்பிவிட்டான். யாரும் கேட்கவில்லை. முதலிலேயே மனம்விட்டுப் பேசியிருந்ததால்தான் அது அப்படி நடந்தது என்று நினைக்கிறேன்.

பணம் கட்டும் முறையில் ஒரு விவரம் பலருக்கும் தெரிவதில்லை. மாதத் தவணையில் டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வது) போட்டால் வருடத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். ஆனால் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் லைசென்ஸின் பணத்தை ஆறு மாதத்துக்குள் எடுத்துவிடுவார்கள். 174.50 என்றால் மாதம் சுமார் 29 பவுண்ட். அப்புறம்தான் அது பாதியாகக் குறையும். ஒரு வருடம் மட்டும் தங்கப்போகிற முதுகலை மாணவருக்கு முதல் ஆறு மாதம்தான் கையைக் கடிக்கும் காலம், அப்போதுதான் இதுவும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வழியும் உண்டு, அதற்குத் தவணைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். நாங்கள் மொத்தமாகவே கட்டிவிட்டோம்.

கடிதங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அந்த முகவரிக்கு லைசென்ஸும் இல்லை, தேவையில்லை என்ற அறிவிப்பும் இல்லை என்றால் கடிதம் வரும். மாணவர் வீடுகளில் வருடா வருடம் ஆள் மாறுவதால் இது சகஜம். முன்பு இருந்தவர் லைசென்ஸ் வைத்திருந்தாலும் அவர் போகும்போது அதையும் கொண்டுபோய்விடுவார். கடிதம் வந்ததாலேயே நீங்கள் குற்றம் செய்தவர் ஆகிவிட மாட்டீர்கள். அதைக் கிழித்துப் போடுவதிலும் பயனில்லை, அடுத்தது வரும். வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்றால் அறிவியுங்கள். விசாவைப் பற்றிய பயத்துக்கும் இதுதான் மருந்து. விசா படிவங்களில் குற்றத் தீர்ப்பு பற்றிக் கேட்பார்கள் என்பது உண்மை. ஆனால் கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் வெகு தூரம். நடுவில் உங்கள் கையில் எவ்வளவோ இருக்கிறது.

சில வீடுகளுக்கு ஆள் நேரிலும் வருவார். நாங்கள் குடியேறிய புதிதில் ஒருவர் வந்தார், லைசென்ஸ் வாங்கிவிட்டதைச் சொன்னோம், பார்த்துக்கொண்டு நல்லபடியாகவே போய்விட்டார். ஆனால் பயந்த பிள்ளைகள் கதவைத் திறந்ததும் எதற்கென்றே தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் போலீஸ் இல்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். கோர்ட் வாரன்ட் இல்லாமல் உங்கள் அனுமதியின்றி உள்ளே வர முடியாது. உள்ளே விட மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்றினால் விடலாம், அது உங்கள் விருப்பம். பொய் மட்டும் சொல்லாதீர்கள். அவர் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளும் தாளில் கையெழுத்துக் கேட்டால் முழுவதும் படியுங்கள். நீங்கள் சொல்லாதது அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் ஆலோசனைப் பிரிவு இருக்கும், கோர்ட் கடிதம் ஏதாவது வந்தால் அன்றைக்கே அங்கே போங்கள். கோர்ட்டிலிருந்து வந்ததற்குப் பதில் போடாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு ஆகிவிடும்.

லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லிப் போலி மின்னஞ்சல்களும் ஏராளமாக வருகின்றன. உண்மையான மின்னஞ்சலில் உங்கள் பெயரோ அஞ்சல் குறியீட்டின் ஒரு பகுதியோ இருக்கும். "வாடிக்கையாளரே" என்று மொட்டையாகத் தொடங்கினால் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். புதிதாக வந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், வங்கி விவரம் வரைக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

லைசென்ஸ் வாங்க முடியாதவர்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் பர்மிங்ஹாமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் எனக்கு மறக்காது. கவென்ட்ரியிலிருந்து பர்மிங்ஹாம் ரயிலில் இருபது நிமிடம்தான், டிக்கெட்தான் நமக்கு எட்டாது. கில் முதல் இன்னிங்ஸில் 269, இரண்டாவதில் 161. இந்தியா 336 ரன்னில் ஜெயித்தது. ஹால்ஸில் இருந்த பிள்ளைகள் பலர் அதை பிபிசி வானொலி வர்ணனையில் கேட்டார்கள். வானொலிக்கு லைசென்ஸ் கிடையாது, பிபிசி சவுண்ட்ஸ் ஆப்பில் கேட்டாலும் கிடையாது. எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மதுரைக்காரர் ஒரு காதில் வானொலி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வர்ணனை அவ்வளவு நன்றாக இருக்கும்.

கடைசியாக, வீட்டைக் காலி செய்யும்போது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் போகும் புது முகவரிக்கு அதை மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் அவர் மாற்றிக்கொண்ட உடனே பழைய வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கு லைசென்ஸ் இல்லை. ஜூனில் ஒருவர், செப்டம்பரில் ஒருவர் என்று கிளம்பும் வீடுகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. கடைசி வரை இருப்பவர் பெயரில் வாங்குவதுதான் நல்லது. எங்கள் வீட்டில் அது திருச்சித் தம்பி. வாங்கும்போது பணம் மூன்று பேருடையது, பெயர் அவனுடையது.

ஊருக்கே திரும்புகிறவர்கள் மீதி மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். காலாவதி ஆவதற்கு முழுதாக ஒரு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், அதற்குள் மறுபடி லைசென்ஸ் தேவைப்படக் கூடாது. நாங்கள் ஜனவரியில் வாங்கியது, ஆகஸ்ட் கடைசியில் காலி செய்தோம். முழு மாதங்களுக்கான பணம் திரும்பி வந்தது. டைரக்ட் டெபிட்டில் கட்டுபவர்கள் வங்கியில் போய் அதை நிறுத்துவதற்கு முன், லைசென்ஸை ரத்து செய்யும்படி டிவி லைசென்சிங்குக்குச் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் பாக்கி என்று கடிதம் அந்தப் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருக்கும். பணம் திரும்ப வரும் வரை இங்கத்திய வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.